தோற்றவருக்குச் சொல்லும் காரணம்

ஐயா,

பூச்சி உருண்டை மணம் இன்னும் இந்த அறையை விட்டுப் போகவில்லை. பழைய கறுப்பு மேலங்கியை நேற்றுப் பின்னேரம் அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதைத் தொட்டதேயில்லை. பொத்தான் பூட்ட வயிறு இடம் கொடுக்கவில்லை. திறந்தபடியே போட்டுக்கொண்டு, உங்கள் பெயரில் நடந்த முதல் சொற்பொழிவுக்குப் போனேன். உங்கள் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தைத் தமிழாகவும் தமிழை ஆங்கிலமாகவும் மாற்றிக்கொண்டு நின்ற மொழிபெயர்ப்பு முதலியார் வெறும் சட்டையோடு அங்கே போகலாமா?

கேட்டால் சிரிப்பீர்கள். கொழும்பில் சட்டம் படிப்பிக்கும் இடத்தில் உங்கள் பெயரில் ஒரு பேராசிரியர் பதவி வந்துவிட்டது. உங்கள் முன்னால் வழக்குப் பேசிய பிரக்கிராசிமாரும் உங்கள் வீட்டு அம்மாவும் சேர்ந்து அதற்கு நிதி வைத்தார்கள். அம்மா ஒரு நிபந்தனைதான் போட்டார். அந்தப் பதவியில் இருப்பவர் வருடம் ஒருமுறை யாழ்ப்பாணம் வந்து, விரும்பிய எவரும் வந்து கேட்கும்படி பேச வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு மாலைக்குக் கழுத்து நீட்டாத மனிதருக்கு இவ்வளவும் நடக்கிறது.

எனக்கு ஒரு கவலை. எவரும் வரலாம் என்றால் போதுமா, வந்தவருக்கு விளங்க வேண்டாமா? ஏற்பாட்டுக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். தலைவராக இருந்த மூத்த பிரக்கிராசி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"முதலியார், சட்டம் இங்கிலீசிலை இருக்கு. பேச்சும் இங்கிலீசிலைதான். நீர் எழும்பி நிண்டு மொழிபெயர்க்க இது வழக்குக் கோடில்லை."

வீட்டுக்கு வந்தேன். மனம் ஆறவில்லை. உங்கள் வழக்கத்தைக் கிட்ட இருந்து பார்த்தவனுக்கு எப்படி ஆறும்?

தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் பேனையை மூடி வைப்பீர்கள். தமிழில் சொல்ல நான் தொண்டையைச் செருமுவேன். "நீர் இரும் முதலியார், இனி என்ரை வேலை," என்பீர்கள். தோற்றவரைக் கிட்டக் கூப்பிட்டு, ஏன் தோற்றார் என்று நீங்களே சொல்வீர்கள். பிறகு, "இப்ப அதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்," என்பீர்கள். அவர் பிழையாகச் சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவீர்கள். பிரக்கிராசிமார் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்கவே மாட்டீர்கள். ஒருநாள் நான் பொறுக்காமல், வென்றவருக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "வெண்டவனுக்கு விளங்காட்டிலும் நித்திரை வரும்," என்றீர்கள்.

அளவெட்டி வேலுப்பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காணி தனக்குச் சொல்லாமல் விற்கப்பட்டதென்று வழக்கு வைத்தவர். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அயற்காணிக்காரருக்கு அறிவித்துத்தான் விற்க வேண்டும். அறிவித்திருந்தார்கள். இவரோ, வேண்டுமென்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும் என்று மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டார். வாங்க நினைத்த காணியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எங்கள் ஆட்களின் கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம்தான் அவரைக் கவிழ்த்தது.

"அப்ப அவை எனக்குச் சொல்லேல்லை எண்டுதானே ஐயா சொல்லுறியள்?" என்று அவர் கேட்க, நீங்கள் அலுக்காமல் திரும்பத் தொடங்கினீர்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அவருக்கு விளங்கி வெளித்தது.

"எனக்குச் சொன்னவைதான். நான்தான் மறுமொழி சொல்லாமல் இருந்திட்டன்." சால்வை கையில் கிடந்தது. தலை குனிந்தபடி, "எண்டாலும் காணி கையைவிட்டுப் போட்டுது ஐயா," என்றார்.

"ஓம், போட்டுது," என்றீர்கள். ஆறுதலாக வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார், மேல்முறையீடு செய்யவில்லை.

நேற்று அவரும் வந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில் முன்வரிசையில் அம்மாவும் பிரக்கிராசிமாரும். பின்னால் உங்களிடம் வென்றவர்களும் தோற்றவர்களும். பேராசிரியர் வயதில் இளையவர், கொழும்பில் வளர்ந்தவர். தேசவழமையைப் பற்றி நல்ல ஆங்கிலத்தில் பேசினார். பின்வரிசைக்காரர் மரியாதைக்கு அசையாமல் இருந்தார்கள்.

கேள்வி உண்டா என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். அது விளங்கியோ விளங்காமலோ வேலுப்பிள்ளை தடியை ஊன்றி எழும்பினார்.

"தம்பி, இவ்வளவு நேரமும் என்ன சொன்னனீங்கள்?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, சுருக்கமாகச் சொல்லிவிடும்படி கையைக் காட்டினார். எழும்பினேன். நாக்கு நுனி வரைக்கும் தமிழ் வந்தது. ஆனால் பேராசிரியரைப் பார்த்து, "ஐயா, நீங்கள் யார் பெயரில் பேசினீர்களோ அவர் இந்த இடத்தில் என்னை இருக்கச் சொல்லுவார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து அம்மா, "முதலியார் சொல்லுறது சரி," என்றார்.

அந்தப் பிள்ளை தாள்களை மேசையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி வேலுப்பிள்ளைக்குப் பக்கத்தில் போனார். அவருடைய தமிழ் நொண்டித் தமிழ்தான். அயற்காணிக்குச் சொல் அகப்படாமல் கையால் வேலி கட்டிக் காட்டினார். முடித்ததும் வேலுப்பிள்ளை, யாரும் கேட்காமலே, தனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொன்னார். உங்களிடம் பழகிய பழக்கம். சொன்னது முழுப் பிழை.

பேராசிரியர் இன்னும் கிட்ட வந்தார். பிறகு, "நான் வடிவாச் சொல்லேல்லை. இன்னொருக்காச் சொல்லுறன்," என்றார்.

இப்படிச் சொல்லும்படி அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த முறை வேலுப்பிள்ளை சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பழைய பாரம் இன்னும் இறங்காதவர்போல, "எண்டாலும் என்ரை காணி போட்டுது தம்பி," என்றார். பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய சொல்லை மாற்றிச் சொல்லிப் பிழைத்தவன் நான். உங்களுடைய சொற்களில் ஒன்றை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தேன்.

"ஓம், போட்டுது," என்றேன்.

வேலுப்பிள்ளை தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார்.