கத்திரியில் விழுந்த புழு

அன்பு மகளுக்கு,

நீயும் குழந்தையும் நலமென்று மாப்பிள்ளை சொன்னார். நிம்மதி.

நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், உன் இயற்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நான் வந்து பத்து நாளாகிறது. முப்பது வருஷம் குரும்பலூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவன், இப்போது தினமும் காலையில் சாணி அள்ளுகிறேன், அதில் ஜீவாமிர்த உரம் கலக்குகிறேன். எல்லாம் உன்னிடம் வேலை பார்க்கும் ஆண்டாயி சொல்லிக்கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை கத்திரியில் புழு விழுந்துவிட்டது. பழைய புத்தியில் மருந்து வாங்கக் கிளம்பினேன். ஆண்டாயி வழியை மறித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ மருந்தடிச்சாலும் உங்க மவளோட நாலு வருஷப் பாடு வீணாப் போயிடுங்கய்யா. வேப்பங்கொட்டை ஊற வச்சிருக்கேன், வாங்க."

இரண்டு பேரும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்தோம். பாதிக் காய் போனது, செடிகள் பிழைத்துக்கொண்டன.

மருந்தில்லாமல் ஒன்றும் விளையாது என்று உன்னிடம் கத்திவிட்டுப் போனவன் நான். அதன்பிறகு உன் வாசலை மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு மாப்பிள்ளை கையில் தோட்டத்துச் சாவியைக் கொடுத்தனுப்பினாயே. நன்றியம்மா.

பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து, உன்னிடமே கேட்கட்டுமா?

இப்படிக்கு,
உன் அப்பா