சத்தமில்லாத பாட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ மாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நான் தூங்குகிறேன். நீ திரும்பும்போது நான் மில்லில் இருக்கிறேன். அதனால்தான் கடிதம். பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போகிறேன். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

காலையில் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் வரச் சொல்லியிருந்தார்.

"உங்க பொண்ணு பேசினா பக்கத்துல இருக்கிறவளுக்கே கேக்கல. உங்க தெருப் பிள்ளைங்க நாலு பேருமே இப்படித்தான். தண்ணியில ஏதாவது கோளாறா? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்து படுத்தேன்.

சாயங்காலம் நீ போன பிறகு விழிப்பு வந்தது. அரைக்கண்ணால் பார்த்தேன். பாப்பா பொம்மையை மடியில் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும்தான் அசைந்தது. நடுவில் பொம்மையின் வாயைப் பொத்தி, "உஷ், அப்பா தூங்குறாங்க" என்றாள். அச்சு அசல் உன்னைப் போல. என்னைப் போலவும்தான்.

எழுந்து உட்கார்ந்து, "சத்தமா பாடும்மா" என்றேன்.

நடுங்கிப்போய்விட்டாள். "நான் சத்தமே போடலப்பா."

டாக்டர் வேண்டாம். மற்ற மூன்று பிள்ளைகளின் அப்பாக்களும் ராத்திரி என்னோடுதான் மில்லில் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
பகலெல்லாம் தூங்குகிற உன் வீட்டுக்காரன்