போயிட்டு வாரேனுங்க

அன்னூர்
20.2.1994

கண்ணு அன்புச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகள் கயல்விழியும் சுகம், முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நீ சுகமாக இருப்பது கடுதாசி வருமுன்பே ரேடியோவில் தெரிந்துவிட்டது. அந்தச் சண்டை ஊர் சரயேவோவில் இருந்துகொண்டு, இங்கே குண்டு விழுகிறது என்று சேதி சொன்னவள், கடைசியில் உன் பேரைச் சொல்லி முடிக்காமல் போயிட்டு வாரேனுங்க என்று சொல்லிப்போட்டாய். இது சேதியா சந்தைப் பேச்சா என்று ஆபீசில் ஏசினார்களாம், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வரக்கூடாது.

தோட்டத்துக்கார நஞ்சப்பன் வீட்டு வேலிக்கு வெளியே நீயும் நானும் நின்று ரேடியோ கேட்போம், நம்மைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நீ மறந்திருப்பாய், எனக்கு அவர் போட்டிருந்த பனியனின் கிழிசல்கூட மறக்கவில்லை. நான் அந்தப் பெட்டிக்குள்ள பேசுனா எப்படிம்மா குறைப்பாரு என்று அன்றைக்கே கேட்டாய். அவர்தான் போன சந்தையில் என்னை நிறுத்தி, ஏனுங்க, உங்க புள்ள காரமடைத் தேருக்குப் போறவளாட்ட வாரேனுங்கன்னு சொல்லுதே, அது யாருகிட்டச் சொல்லுது என்று சிரித்தார். எங்கிட்டத்தானுங்க, நல்லாக் கேக்கோணும்னா சத்தத்தைக் கூட்டி வையுங்க என்றேன். தக்காளி பொறுக்கப் போய்விட்டார். இப்போது நீ திரும்பி வந்தால் அந்தச் சத்தத்தை நீயே குறைத்த மாதிரி ஆகும்.

தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லாத ஊர் என்று நீதானே எழுதினாய். சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போறேன் என்றால், திரும்பக் கூப்பிட்டு வாரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். அந்தப் பழக்கம் வாயில் வந்துவிட்டது, அதற்காகத் தலை குனியாதே. ஆனாலும் ஆபீசுக்காரர்கள் சொல்கிறபடி இனிமேல் பேரைச் சொல்லியே முடி. மைக்கை அணைத்த பிறகு மெதுவாக எனக்குச் சொல்லிவிடு. எனக்குக் கேட்காதுதான். நீ முடித்ததும் கயல் பெட்டிப் பக்கம் குனிந்து, சரிங்கம்மா, போயிட்டு வாங்க என்று சொல்கிறாள், அதைச் சொல்லாமல் அவளும் எழுந்திருப்பதில்லை, நானும் எழுந்திருப்பதில்லை.

மாசாணி ஆத்தா உன் பக்கத்திலேயே நிற்கட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஜன்னல் ஓரம் படுக்காதே. ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்து அடுப்பில் போடு, அந்தக் குளிருக்காவது ஆகும்.

இப்படிக்கு உன் அம்மா
மாசாணியம்மாள்