குட்டி நாய்க்கு விஷமில்லை என்று அப்பா சொன்னது

டிக்கோயா
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இந்த நிமிஷம் வரைக்கும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அந்தத் தூர தேசத்தில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது முருகனிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த நிமிஷம் வரைக்கும் என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிடாதே அம்மா. பயப்படாதே என்று சொல்கிற நானே நாலு வாரமாகப் பயந்துகொண்டுதான் கிடக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய், நீ பேசும்போதெல்லாம் அப்பா போனைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் நான் எங்கே போய் நின்று பேசுவது. அதனால் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிற இராஜகுமாரியிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுதுகிறேன். இங்கே தேயிலை மலையில் விடாத மழை, கொழுந்தும் குறைவு, லயத்து வரிசையில் நம் வீட்டுக் கூரையில் அடுப்புக்கு மேலே இன்னும் ஒழுகுகிறது, அதெல்லாம் வழக்கம்தான். எழுதவேண்டியது வேறு.

நீ போன பிறகு நம் பக்கத்துக் காம்பிராவுக்கு மீனம்மா என்று ஒரு பிள்ளை வந்தாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை, ஒரே மகள் ரோகினி, நாலாம் வகுப்பு படிக்கிறாள். ரோகினிக்கு ஒரு செம்பட்டை நிற நாய்க்குட்டி என்றால் உயிர். யாருடையது என்று தெரியாது, ரோட்டில் இருந்து வந்து லயத்தோடு ஒட்டிக்கொண்டது, மிச்ச ரொட்டியை நானும் போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சரியாக நாலு வாரத்துக்கு முன்னால், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், அந்தக் குட்டி ஒரு காரணமும் இல்லாமல் ரோகினியின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடி நம் விறகு அடுக்குக்குள் புகுந்தது. அப்பா அதை வெளியே இழுக்கக் கையை விட்டார், பெருவிரலுக்குக் கீழே கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து இரத்தம் வந்தது. நான் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன், கிளினிக்கில் மிட்வைப் மிஸ் நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவவேண்டும் என்று சொன்னது என் காதில் இருந்தது. அப்பா என் கையைத் தட்டிவிட்டார். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டார், எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் பார்த்துவிட்டு விஷம் இறங்குகிறது என்று சொன்னார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. பதினாறு வருஷம் தோட்டத்துத் தலைவராக இருந்தவர், துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசியவர், அந்த மரியாதையில் இன்றைக்கும் எதுவென்றாலும் செல்லசாமி அண்ணனைக் கேட்போம் என்று ஆட்கள் வருகிறார்கள். தெரிந்ததைச் சொல்வார், தெரியாததையும் அதே குரலில் சொல்வார், நீ அனுப்பிய போனில் வீடியோ பார்க்கத் தொடங்கிய பிறகு அது இன்னும் கூடிப்போனது. போன வருஷம் முத்துலிங்கம் அண்ணனிடம், பிரஷர் குளிசையைத் தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும், வெள்ளைப்பூண்டைப் பச்சையாகத் தின்றால் போதும் என்று சொன்னாரே. அந்த மனிதர் குளிசையை நிறுத்தி மூன்றாம் மாதம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் விழுந்து ஒரு பக்கம் விளங்காமல் போனார். அதற்கும் அப்பா, “அந்தாளு பூண்ட அவிச்சுத் தின்னுட்டான், நான் பச்சையாத் தின்னச் சொன்னேன்” என்றுதான் சொன்னார்.

அன்றைக்குச் சாயந்தரம் மீனம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமா?” என்று கேட்டாள். அப்பா ரோகினியின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரத்தமே வரல்ல, கீறல்தானே. குட்டி நாய்க்கு விஷப்பல்லு மொளைக்க ஆறு மாசம் ஆகும் புள்ள. அது தண்ணி குடிக்குதா பாரு, தண்ணி குடிச்சா விசர் இல்ல, வெறி புடிச்ச நாய்னா தண்ணியக் கண்டாலே பயப்படும். ஆஸ்பத்திரிக்குப் போனியன்னா தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசி போடுவாங்க, சின்னப் புள்ளைக்கு அதப் போட்டா மூளை கலங்கிரும்” என்றார். மீனம்மாவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் மகளே. மிட்வைப் மிஸ் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பாவை இன்னொருத்தி முன்னால் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். முத்துலிங்கம் அண்ணன் விஷயத்திலும் நான் அப்படித்தான் நின்றேன். இதை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை அந்தக் குட்டியைப் பார்ப்பதுதான். மலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது எங்கே கிடக்கிறது என்று தேடுவேன். செவ்வாய்க்கிழமை வரை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை அதன் குரைப்பு மாறிவிட்டது, தொண்டை கட்டிய ஆள் கத்துவது போல இருந்தது, வாயில் இருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது, விறகுக் கட்டையையும் கல்லையும் கடித்தது. அப்பா பார்த்துவிட்டு, “தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு, கைய விட்டு எடுத்துருவோம்” என்று சட்டைக் கையை மடித்தார். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது, அவரை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். வியாழக்கிழமை விடியும்போது குட்டி மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் செத்துக் கிடந்தது. அப்பா, பார்த்தியா எலும்புதான் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியால் அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தேத்தண்ணீர் கேட்டார். நான் ஊற்றிக் கொடுத்தேன்.

கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன், நிரையில் நின்று கொழுந்தில் கை வைத்தேன், கை ஓடவில்லை. நாலு நிரை தள்ளி மீனம்மா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கூடையைக் கழற்றிப் போட்டேன். தேயிலைக்குள்ளேயே புகுந்து ஓடினேன், காலெல்லாம் கிழிந்தது. நாற்பது பேர் கேட்கத்தான் கத்தினேன். “மீனம்மா, குட்டி செத்துப் போச்சுடி. எங்க வீட்டுக்காரரு சொன்னத நம்பாத. அவருக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளையத் தூக்கிட்டு ஓடு” என்று கத்தினேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவரைப் பற்றி நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா கூட ஒரு வார்த்தை கேட்காமல் எங்களை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் மீனம்மா பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

டொக்டர் நோனா சிங்களத்தில் கேட்டார், தாதி தமிழில் சொன்னார், ஏன் நாலு நாள் வைத்திருந்தீர்கள் என்று. மீனம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடித்த இடத்திலேயே ஒரு மருந்தை ஏற்றினார்கள், ரோகினி போட்ட சத்தம் இப்போதும் என் காதுக்குள் இருக்கிறது. மற்ற ஊசி கையில்தான் அம்மா, தொப்புளில் இல்லை, பதினாறும் இல்லை, நாலு தடவை வந்தால் போதும், காசும் கேட்கவில்லை. தாதி ஒன்று சொன்னார், அந்த நோய் வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் பிறகு எந்த டொக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு முன்னால் எந்த நாளில் வந்தாலும் வரவேண்டும் என்று. உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழுந்துவிட்டேன், ஏனென்றால் அதே குட்டி கடித்த கையோடு அப்பா வீட்டில் இருக்கிறார். மத்தியானம் சுகாதாரப் பரிசோதகர் வந்து புதைத்த குட்டியைத் தோண்டி எடுத்துத் தலையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வீட்டுக்குப் போனால் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மலையில் நான் கத்தியது எனக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். “ஊரு முன்னால என்னை மடையனாக்கிட்டு இப்ப ஊசி போடச் சொல்றியா, செத்தாலும் போடமாட்டேன்” என்றார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை, நான் போட்ட சோற்றைத் தொடாமல் கடையில் பனிஸ் வாங்கித் தின்றார். அந்த ஐந்து நாளும் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன். அவர் இருமினால் திரும்பிப் பார்ப்பேன், குரல் கொஞ்சம் கரகரத்தால் அந்தக் குட்டியின் குரைப்பு ஞாபகம் வரும். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோப்பையில் தண்ணீர் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கி அதையே உற்றுப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார், விழுங்கிவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்தார், மறுபடி பிடித்தார், மறுபடி பார்த்தார். தண்ணீரைக் கண்டால் தனக்குப் பயம் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார் மகளே. என்னைவிடக் கூடுதலாக அவர் பயந்துபோயிருக்கிறார், சொல்ல வாய் வராமல் தனியே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாளியை நிரப்பாமலே சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நல்ல சேலை கட்டிக் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். “எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு வேலை இருக்கு, தனியாப் போகப் பயமா இருக்கு, தொணைக்கு வாறீங்களா” என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடிபட்ட கையை என் மடியில் வைத்தார், அவ்வளவுதான். நாய் எப்போது கடித்தது என்று தாதி கேட்டபோது ஒன்பது நாள் என்று உண்மையைச் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வேலை செய்யவில்லை, நான்தான் கழற்றிவிட்டேன்.

இப்போது அவருக்கும் மூன்று ஊசி முடிந்துவிட்டது. போன கிழமை பரிசோதனை முடிவு வந்தது, அந்தக் குட்டிக்கு விசர்தானாம். லயம் முழுக்க ஒரு நாள் பேச்சில்லாமல் கிடந்தது, அடுத்த நாளே மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஊசி போட்டவர்கள் மூச்சுப் பட்டால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்கிறாள் ஒருத்தி, இரண்டு வருஷம் கழித்துக் குரைப்பார்கள் என்கிறான் இன்னொருத்தன், பள்ளிக்கூடத்தில் ரோகினியின் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காருவதில்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் தெரியுமா, கேட்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் உண்மையோ என்று தோன்றிவிடுகிறது, அதுதான் பயம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மீனம்மா என்னோடு பேசுகிறாள். அவரோடு பேசுவதில்லை. இதைக்கூட அவள் காம்பிராவில் உட்கார்ந்து, ரோகினி கிழித்துத் தந்த கொப்பித் தாளில்தான் எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை ரோகினிக்குக் கடைசி ஊசி, அதற்கு ஐந்து நாள் கழித்து அப்பாவுக்கு. முழுதும் போட்டால் பயப்படவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். புதன்கிழமை பேசும்போது வலப்பக்க அடிவயிறு பத்து நாளாகக் குத்துகிறது என்று சொன்னாய், உன் அறைப்பிள்ளை அது சூடுதான், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் போய்விடும் என்று சொன்னாள் என்றும் சொன்னாய். அப்பாவும் போனில் ஆமாம் வெந்தயம் நல்லது என்றார். நானும் பக்கத்தில் இருந்து பேசாமல்தான் இருந்தேன், மறுபடியும். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை நல்லவள்தான், உன்மேல் பாசத்தில்தான் சொல்கிறாள், ஆனால் அவளுக்கு உன் வயிற்றுக்குள் இருப்பது எப்படித் தெரியும். லீவு தரமாட்டார்கள், சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று பார்க்காதே. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே டொக்டரிடம் போய்க் காட்டு, என்ன சொன்னார் என்று எனக்குப் போன் எடுத்துச் சொல், அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இனிமேல் நான் அவர் முன்னாலேயே பேசுவேன். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் துணை இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என் தங்கமே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா நாகலெட்சுமி

மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா இதை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தாள், வாசித்தேன். எழுதியிருப்பதெல்லாம் உண்மை. வெந்தயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டொக்டரிடம் போ.