உம்முடைய இடத்தில் பூச்சியம்

ஐசே,

இன்றைக்குக் காலி வீதிக் கடையில் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினேன். பிரித்ததும் பருப்பும் சம்பலும் மணத்தன. பழக்கதோசத்தில் கை சோற்றை நான்கு பாத்தியாக்கிவிட்டது.

வெள்ளவத்தையின் இந்த ஒற்றை அறையில்தான் உலகின் இரு மாபெரும் பல்கலைக்கழகங்கள் இயங்கின: உமது உயிரியல் டியூசன், எனது கணித டியூசன். இரண்டுக்கும் ஒரே கரும்பலகை, மத்தியானம் ஒரே பார்சல். ஈருறுப்பு விரிவு என்ன பெரிய வித்தையோ என்று நீர் நக்கலடித்த அன்று சோற்றிலேயே கோடு கிழித்தேன்.

"இந்த மூலை எனக்கு, எதிர் மூலை உமக்கு. மிச்சம் இரண்டும்?"

"அது பொது, ஐசே."

"அதுதான். நானும் நீரும் கூடி வர்க்கமானால், என்ரை வர்க்கமும் உம்மடை வர்க்கமும் மட்டுமில்லை. ரெண்டு பேரும் பெருகினது ரெண்டு தரம் நடுவிலை நிக்கும். பெடியள் அதைத்தான் எழுத மறக்கிறாங்கள்."

நீர் யன்னல் காகத்தைக் காட்டினீர். "எங்கடை உயிரியல் பேருக்கும் ரெண்டு உறுப்புத்தான். கோர்வஸ் ஸ்பிளென்டென்ஸ். முதற்சொல் சாதி, மற்றது அதுக்குள்ளை வாற இனம். முதற்சொல்லோடை நிப்பாட்டினால் காகமெண்டு தெரியும், எந்தக் காகமெண்டு தெரியாது."

சுற்றிவளைப்புக்கு வந்த இராணுவத்தினர் முதற்சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். தமிழன், அவ்வளவுதான்; உம்மை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அன்று கொட்டாஞ்சேனையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கரும்பலகையில் உமது பாதி வசனம் மட்டும் நின்றது. அதன்பிறகு உம்மைத் தேடி இந்தத் தீவில் நான் ஏறாத முகாம் வாசல் இல்லை. வாசல் நாய்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து மரியாதை செய்கின்றன. உள்ளே இருப்பவர்கள் மட்டும் "ஹெட்ட எண்ட" என்கிறார்கள். நாளைக்கு வா என்ற அந்தச் சிங்களத்தில் எனக்குக் கலாநிதிப் பட்டமே தரலாம்.

இன்று உமது மூலைச் சோற்றை யன்னலில் வைத்தேன். காகம் வந்தது. வீட்டுக்கார அக்கா கண்டுவிட்டு மெல்லக் கேட்டார். "மாஸ்டர், அவருக்குப் படைக்கிறீங்களோ?"

செத்தவர்களுக்கல்லவா அப்படி வைப்பார்கள்.

"இல்லை அக்கா. காகத்துக்குப் பசி. அவர் வரேக்கை சுடச்சுட வாங்குவன்."

அக்கா போனதும் அறை காலிமுகத்திடல் அளவுக்கு விரிந்துவிட்டது. பொதுப் பாத்தி இரண்டையும் தொட மனம் வரவில்லை.

உம்முடைய இடத்தில் பூச்சியத்தைப் பிரதியிட்டால் நடு உறுப்பு தானாக மறையும். என் வர்க்கம் மட்டும் மிஞ்சும். வகுப்பில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துகாட்டுவேன். இங்கே செய்யமாட்டேன், ஐசே. உமது பாதி வசனம் பலகையில் அப்படியே இருக்கிறது. என் கணக்குகளை அதன் கீழே, சின்ன எழுத்தில் எழுதிக்கொள்கிறேன்.