கரட்டுக் கல்லுக்கு வைத்த பொட்டு

அன்பு மகள் முத்தமிழுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. அந்த இங்கிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? மக்காச்சோளம் இந்த வருஷம் பரவாயில்லை, சின்ன வெங்காயம் மழையில் அழுகிவிட்டது. வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் கரட்டு மேட்டுக் கல்வட்டத்தைப் பற்றித்தான். பொங்கலுக்கு வந்தபோது முள்ளில் சேலை கிழிய என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாயே. வட்டமாக நட்டிருந்த கல்லையும் நடுவில் கிடந்த கற்குவியலையும் காட்டி, இது இரும்புக் காலத்து மனிதர்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம் என்றாய். நீ தொல்லியல் படிக்கிற ஊர்ப் பக்கத்தில் ஆடு மேயும் பொட்டல் மேட்டிலும் இதே மாதிரி வட்டம் இருக்கிறது என்று போட்டோ காட்டினாய். ஆடு மேய்க்கப் போனால் நான் உட்காருகிற கல், எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த லீவுக்கு வந்து அளந்து படம் வரைகிறேன், "அதுவரைக்கும் ஒரு கல்லு நகராம பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பார்த்துக்கொண்டேன், அதில்தான் வந்தது வினை. ஆடி மாதம் கிராவல் அள்ள பொக்லைன் வந்து, மேட்டை வெட்டிக்கொண்டே வட்டத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. அப்பா போய்த் தடுத்ததற்கு, சும்மா கிடக்கிற கல்லுக்கு என்னங்க இவ்வளவு சண்டை என்று டிரைவர் சிரித்தானாம். அவனிடம் இரும்புக் காலம் என்றால் கேட்பானா? மறுநாள் விடியும் முன்னே போய், பெரிய கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, வேப்பிலை செருகி, என் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தேன். வந்த டிரைவர் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வண்டி போனது, கூட்டம் வந்தது. செவ்வாய் வெள்ளி விளக்கு வைத்தார்கள், கரட்டம்மன் என்று பெயர் வைத்தார்கள். அங்கே வேண்டிக்கொண்ட பக்கத்துக் கொல்லை வெற்றிச்செல்வியின் மருமகளுக்குப் பிள்ளை தங்கியதும் குரும்பலூரிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். போன வாரம் அம்மனுக்கு மேடை கட்டுகிறோம் என்று சுற்றியிருந்த கல்லையெல்லாம் கடப்பாரை போட்டுப் பெயர்த்துவிட்டார்கள். நடுக்குவியலைக் கலைத்தபோது கறுப்பும் சிவப்புமாகப் பழைய பானை ஓட்டுச் சில்லு வந்தது. கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். இருந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் ஓடுதான் என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

சேதி தெரிந்து ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்தேன். பொட்டு வைத்தது நான்தான், இங்கே சாமியும் இல்லை ஒன்றும் இல்லை என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ஊர்ப் பெரியவர் குழந்தைவேல் கண் கலங்கி, "நீயா போன? அவதான் ஒன்ன எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கா தாயி" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் மரியாதை எனக்குத்தான் என்று மாலையைப் போட்டார்கள். கழற்றி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை முத்து, ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பெரிய கல் ஒன்றுதான் நட்ட இடத்தில் நிற்கிறது, சிமெண்டுக்கு நடுவில். சூடம் காட்டினபோது எல்லாரோடும் சேர்ந்து என் கையும் குவிந்துவிட்டது. என் மகள் என்னை வெறுத்துவிடக் கூடாது என்று அந்தக் கல்லிடமே வேண்டிக்கொண்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. திட்டுவதானாலும் கூப்பிட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
வளர்மதி