அடுக்கு ரூபனில் ரொட்டி ஊறுவது

ஆர்லிஸ்,

ரூபன் சாண்ட்விச்சின் இறைச்சி, சீஸ், ரொட்டியைத் தட்டில் அடுக்கி விடியலில் ஓவனில் சுட்டு மூடிவைக்கிறேனே, அந்த ரூபன் அடுக்கில் ரொட்டி மட்டும் ஏன் சொதசொதவென்று ஆகிறது? புளித்த முட்டைக்கோஸை ஒட்டப் பிழிந்தேன், சாஸைக் குறைத்தேன். பயனில்லை. “டெலி கடை சாண்ட்விச்ச இப்படி முக்கிக் கொன்னுட்டியே, வெர்லின்” என்று முன்பெல்லாம் நீ சிரிக்கவாவது செய்தாய்.

ஞாயிறன்று சிரிக்கவில்லை. “கல்யாணமாகியும் ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம்” என்றாய். நான் எழுந்து கராஜுக்குப் போய்விட்டேன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து நீ தனியாகச் சாப்பிடுகிறாய். நீ கிளம்பிய பிறகு நான் கிடங்கு வேலையிலிருந்து வந்து மிச்சத்தை நின்றபடியே சாப்பிடுகிறேன்.

ரொட்டி விஷயம் நேற்று பிடிபட்டது. இறைச்சியும் சீஸும் ஆறும்போது ஆவி கிளம்பும். நான் அலுமினியத் தாளால் இறுக்கி மூடுவதால், அது வெளியேற வழியில்லாமல் ரொட்டியில் இறங்குகிறது. அடுக்கியதில் தப்பில்லை, சுட்டதை மூடி மணிக்கணக்கில் காக்க வைப்பதில்தான்.

இன்று ரொட்டியில்லாமல் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். வெண்ணெய் தடவிய ரை தானிய ரொட்டித் துண்டுகள் மேஜையில் தனியாக இருக்கின்றன. மதியத்துக்கு சூப் இருக்கிறது.

வெர்லின்

இன்னொன்று: இன்றிரவு உனக்கு லீவு. நானும் கிடங்கில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணிக்கு ஓவனைச் சூடாக்கு. நான் வந்ததும் ரொட்டியை மேலே பரப்பிச் சுட்டு, எடுத்த சூட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்போது ரொட்டி ஊறாது.